பழைய ஃபோக்ஸ்வாகன் டி3 கேம்பர்: வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்குவது

ஜெர்மனியில் பழைய கேம்பர் வேன் தேடுகிறவர்களில் பலர் சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்து நிற்பது ஃபோக்ஸ்வாகன் டி3-யிடம்தான். 1979-இல் வந்த வண்டி. வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், தூக்குக் கூரை எல்லாம் பொருத்தி ஜோக்கர் என்றும் பிறகு கலிஃபோர்னியா என்றும் விற்றது. விளம்பரத்தைப் பாருங்கள், முதல் வரியிலேயே இன்ஜின் பெருமை இருக்கும். அதை நம்பி விலை பேசாதீர்கள். இன்ஜின் வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று நல்ல மெக்கானிக் முன்கூட்டியே சொல்லிவிடுவார். துருப்பிடித்த பாடிக்கு எவ்வளவு ஆகும் என்பது வெட்டிப் பார்த்த பிறகுதான் தெரியும். ஆகவே பாடிக்குப் பணம் கொடுங்கள்; இன்ஜின் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

டி3-யின் துரு தொடங்கும் இடம் தகடுகள் சேரும் இணைப்புக் கோடுகள். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஓடும் அந்தக் கோடுகளில் தண்ணீர் புகாமல் அடைக்கக் கம்பெனியே ஒரு சீலன்ட் பூசியிருக்கும். முப்பது நாற்பது வருடத்தில் அது காய்ந்து மயிரிழை அளவு விரிசல் விடும். மழைத்தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் தங்கும். கோடு நெடுக பெயின்ட் லேசாக உப்பி, பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தால் துரு உள்பக்கத்திலிருந்து வெளியே வந்துவிட்டது என்று பொருள். மேலே தேய்த்துப் பெயின்ட் அடித்தால் ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது. தகட்டை வெட்டி வெல்டிங் செய்தால்தான் சரியாகும். புதுப் பெயின்ட் பளபளத்தால் மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கோடு நெடுக நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது.

அடுத்து முன்கண்ணாடி பீடிங்கின் கீழ் மூலைகள், முன்சக்கர வளைவு, ஜாக்கி வைக்கும் இடங்கள், முன்சீட்டுக்கு அடியில் பேட்டரி உட்காரும் தட்டு. சமையல் பகுதிக்குப் பின்னால் உள்ள பக்கத்தகடுதான் மிக மோசம். ஃபிரிட்ஜ் காற்றுத்துளை வழியாகத் தண்ணீர் இறங்கும், ஜன்னலில் குளிர்ந்த ஈரமும் அங்கேதான் வடியும், மரச்சாமான் மறைப்பதால் யாரும் பார்ப்பதில்லை. அலமாரிக் கதவைத் திறந்து டார்ச் அடித்து, கை எட்டும் வரை தடவிப் பாருங்கள்.

இப்போது இன்ஜின். 1982 வரை வந்த ஏர்கூல்டு வண்டிகள் எளிமையானவை, ஆனால் குளிர்காலத்தில் ஹீட்டர் போதாது. அதன் பிறகு வந்த வாட்டர்கூல்டு பெட்ரோல் இன்ஜின்தான் அதிகம் கிடைக்கும்: 1.9 லிட்டரில் டிஜி என்ற குறியீடு கொண்டது, 78 குதிரைத்திறன்; 2.1 லிட்டரில் எம்வி, டிஜே என்ற குறியீடுகள். இவற்றில் எரியும் அறையை அடைப்பது உலோக வளையம். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டை அடைப்பது, சிலிண்டருக்கு மூடியான ஹெட்டின் விளிம்பில் உட்காரும் ரப்பர் கேஸ்கட். கூலன்ட் பழசானாலோ வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டினாலோ, அந்த ரப்பர் தொடும் இடத்தில் அலுமினிய ஹெட் அரித்துக் குழி விழும். கூலன்ட் வெளிப்பக்கமாகவே கசியும் என்பதால் வண்டி வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். கீழே படுத்து இரண்டு பக்க ஹெட் விளிம்பையும் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் ஹெட்டைக் கழற்றும் வேலை காத்திருக்கிறது. எக்ஸாஸ்ட் போல்ட்கள் துருவில் உடைவது சகஜம், அந்தக் கூலியையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். வாங்கிய பிறகு பாஸ்பேட் இல்லாத கூலன்ட் மட்டும் ஊற்றி, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். இதை ஒழுங்காகச் செய்த வண்டிகளில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

இன்ஜின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். நடுவே வண்டியின் நீளத்துக்குக் கூலன்ட் குழாய்கள் ஓடுகின்றன. மொத்தக் கொள்ளளவு 16 லிட்டருக்கு மேல். பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் ஹோஸ் மாட்டும் நுனிகள் நசுங்கிக் கசியும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் போடுவது நல்லது. காற்று சிக்கிக்கொண்டால் வண்டி சூடேறும். காற்றை வெளியேற்ற வண்டியின் முன்பக்கத்தை 40 சென்டிமீட்டர் தூக்கி, ஹீட்டரை முழுக்கத் திறந்து, இன்ஜினை நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடவிட்டு, ரேடியேட்டர் மேலிருக்கும் ஸ்குரூவைக் குமிழி நிற்கும் வரை திறந்து வைக்க வேண்டும்.

டீசலில் 50 குதிரைத்திறன் கொண்ட 1.6 கேம்பர் எடைக்குப் போதாது. டர்போ வைத்த ஜேஎக்ஸ், 70 குதிரைத்திறன், சமாளிக்கும். ஆனால் மலை ஏற்றத்தில் விடாமல் மிதித்தால் ஹெட்டில் வால்வுகளுக்கு நடுவே விரிசல் விழும். டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள்.

பெட்ரோல் வண்டி வாங்கினால் முதல் வாரமே எரிபொருள் ஹோஸ் அத்தனையையும் மாற்றுங்கள். காய்ந்த ரப்பர் சூடான இன்ஜின் மேல் பெட்ரோலைச் சொட்டினால் வண்டி எரிந்துபோகும். டேங்கை நிரப்பியதும் முன்பக்கம் பெட்ரோல் வாடை வந்தால், டேங்கின் மேலே உள்ள இணைப்பு ஹோஸ் போய்விட்டது. டேங்கை இறக்கினால்தான் கை போகும்.

கேம்பர் பகுதியில் கூரையை விற்பவர் தூக்கிக் காட்ட விடாதீர்கள், நீங்களே தூக்குங்கள். கூடாரத் துணியின் மடிப்பு மூலைகளில்தான் கிழியும். பூஞ்சை வாடை இருந்தால் நனைந்த துணியை மடித்து வைத்திருக்கிறார்கள். ஃபிரிட்ஜை முந்தின நாளே கேஸில் ஓடவிடச் சொல்லுங்கள், அது மெதுவாகத்தான் குளிரும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் ஃபிரிட்ஜை இயக்குவது வண்டி ஓடும்போது மட்டுமே. நின்ற வண்டியில் விட்டால் ஒரே இரவில் பேட்டரி இறங்கிவிடும். கேஸ் ஹோஸும் ரெகுலேட்டரும் பத்து வருடத்துக்கு மேல் பழசானால் மாற்ற வேண்டும். அந்தக் கால அடுப்பும் ஃபிரிட்ஜும் 50 மில்லிபார் அழுத்தத்துக்கானவை, இன்றைய கேம்பர்களுக்கானது 30 மில்லிபார் ரெகுலேட்டர். அடுப்பின் தகட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஜெர்மனியில் 30 வயது தாண்டிய வண்டிக்கு, பாரம்பரிய வண்டிகளுக்கான எச் நம்பர் பிளேட் கிடைக்கும்: ஆண்டு வரி 191.73 யூரோ, புகை குறைவு என்று காட்டும் பச்சை ஸ்டிக்கர் இல்லாமலே நகரங்களின் புகைக்கட்டுப்பாட்டு மண்டலங்களுக்குள் போகலாம். ஆனால் வண்டி அசல் நிலையில், நல்ல பராமரிப்பில் இருக்க வேண்டும். துரு தின்ற வண்டிக்கு அது கிடைக்காது.

ஓட்டிப் பார்க்கப் போகும் அன்று, நீங்கள் வரும் முன் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். குளிர்ந்த இன்ஜினில்தான் புகையும் சத்தமும் தெரியும். நாலாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டுக் காலை எடுங்கள், கியர் தானாகக் கழன்றால் கியர்பாக்ஸ் திறக்க வேண்டும். நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர்தான் இந்த வண்டிக்குச் சுகம், பெட்ரோல் 100 கிலோமீட்டருக்கு 11 முதல் 13 லிட்டர் குடிக்கும். டயரில் 185 ஆர் 14 என்ற அளவுக்குப் பின்னால், அதிக எடை தாங்கும் டயர் என்பதைக் காட்டும் சி எழுத்து இருக்க வேண்டும். சாதாரண கார் டயரில் நிற்கும் கேம்பர் என்றால் முன்னாள் உரிமையாளர் வேறு எதில் மிச்சம் பிடித்திருப்பார் என்று தோண்டிக் கேளுங்கள்.