பங்களிப்பு ஒப்பந்தமா, பத்தாண்டு மானியமா: மார்ச் 31 தாண்டினால் பணம் யாருடையது?

கனடாவின் வடமேற்கு ஒன்ராறியோவில், ஆண்டின் பெரும்பகுதி விமானத்தில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய ஒரு பூர்வகுடிக் கிராமத்தின் நிர்வாக அலுவலகத்தில் நிதிப் பொறுப்பில் இருக்கிறேன். மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் டொரொண்டோவின் ஸ்காபரோவில் உள்ள வீட்டில். 2021 ஏப்ரலில் அந்தக் கிராமம் மத்திய அரசிடமிருந்து பணம் பெறும் முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை இருந்த பங்களிப்பு ஒப்பந்தத்தை விட்டுப் பத்தாண்டு மானியத்துக்குப் போனோம். அந்த முடிவுக்கான கணக்குகளைப் போட்டவன் நான் என்பதால், வடக்கே வேலைக்கு வரும் நம் கணக்காளர்கள் சிலர் எது நல்லது என்று என்னிடம் கேட்கிறார்கள். தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். என் சாய்வு பத்தாண்டு மானியத்தின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக இரண்டையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பங்களிப்பு ஒப்பந்தத்தில் பள்ளிக்கு ஒரு பணம், வீட்டுக்கு ஒரு பணம், சாலைப் பராமரிப்புக்கு ஒரு பணம் என்று தனித்தனியாக வரும். ஒவ்வொன்றுக்கும் தனி நிபந்தனை, தனி அறிக்கை. ஒரு கிராமம் நான்கு மத்திய அமைப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 168 அறிக்கைகள் அனுப்ப வேண்டியிருக்கிறது என்று 2002-இல் கனடாவின் கணக்காய்வாளர் நாயகம் எண்ணிச் சொன்னார். ஐந்நூறு பேர்கூட இல்லாத ஊர்களுக்கும் அதே சுமைதான். பிறகு அந்த எண்ணிக்கை குறைக்கப்பட்டது. முறையின் குணம் மாறவில்லை.

பத்தாண்டு மானியம் வேறு வழியில் வந்தது. பூர்வகுடிகளின் தேசியப் பேரவையும் மத்திய அரசும் 2016-இல் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டு, 2017 டிசெம்பரில் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. 2019 ஏப்ரல் 1 அன்று 85 சமூகங்கள் முதலில் சேர்ந்தன. அடிப்படைச் சேவைகளுக்கான பணம் ஒரே தொகையாக வருகிறது. பள்ளிக்கு வந்ததில் மிச்சமானதை வீட்டுக்குப் போடலாம். ஆண்டு முடிவில் செலவாகாத பணம் கிராமத்திடமே இருக்கும். விலைவாசியையும் மக்கள்தொகையையும் வைத்துத் தொகை ஆண்டுதோறும் கூடும். வெளிக் கணக்காய்வு கட்டாயம்தான். ஆனால் என்ன செய்தோம் என்று விளக்க வேண்டியது ஒட்டாவாவுக்கு அல்ல, ஊர் மக்களுக்கு.

அறிக்கை குறையும், திட்டமிடலாம், ஊழியர்களுக்கு நீண்டகால வேலை கொடுக்கலாம் என்பதெல்லாம் உண்மை. எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதில் நேரம் போக்கவில்லை. எங்கள் ஊர் மாறியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, மார்ச் 31.

கனடாவின் அரசு நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. எங்கள் ஊரின் ஆண்டு அப்படி ஓடுவதில்லை. ஏரிகளும் சதுப்பும் உறைந்த பிறகு பனியை இறுக்கிப் போடும் குளிர்காலச் சாலைதான் எங்களுக்குக் கனமான பொருள் வரும் ஒரே மலிவான வழி. ஒன்ராறியோவின் தூர வடக்கில் 31 பூர்வகுடிச் சமூகங்களை இணைக்கும் இந்தச் சாலைகள் 3,000 கிலோமீற்றருக்கு மேல் நீளம். நல்ல ஆண்டில் ஜனவரி பிற்பகுதியில் திறந்து மார்ச் நடுவில் மூடும். குளிர் குறைந்த ஆண்டில் பாதிச் சுமையோடுதான் லொறியை விடுவார்கள். 2024 பெப்ரவரியில் சாலைகள் உறையாமல் போனதால், 49 சமூகங்களைக் கொண்ட பூர்வகுடிகளின் கூட்டமைப்பான நிஷ்னாபே அஸ்கி நேஷன் அவசரநிலையே அறிவித்தது.

அதாவது வீடு கட்டும் சாமானுக்கு ஒக்டோபரில், பிந்தினால் நவம்பரில் ஓர்டர் கொடுத்துவிட வேண்டும். ஜனவரிக்குள் அது நெடுஞ்சாலை முடியும் பிக்கிள் லேக்கில் வந்து காத்திருக்க வேண்டும். அப்போதுதான் பெப்ரவரியில் ஏற்ற முடியும். பங்களிப்பு ஒப்பந்தத்தில் பணம் எப்போது வரும்? அடிப்படைத் தொகை மாதாமாதம் வந்துவிடும். பழுதுபார்ப்பு, கூடுதல் வீடு போன்றவற்றுக்கான தனிப்பணம், திருத்தம் என்ற பெயரில், நிதியாண்டின் கடைசி மாதங்களில்தான் எங்களுக்கு வரும். அதை மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டும், முடியாவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

2018-இல் நடந்ததைச் சொல்கிறேன். பூஞ்சணம் பிடித்த பதினான்கு வீடுகளின் உட்சுவரை மாற்றப் பணம் கேட்டிருந்தோம். கேட்டது முந்தைய ஜூனில். சம்மதக் கடிதம் வந்தது பெப்ரவரி முதல் வாரத்தில். அன்றைக்கே ட்ரைவோல் என்ற உட்சுவர்ப் பலகைக்கும் ஜன்னலுக்கும் ஓர்டர் கொடுத்தோம். சாமான் பிக்கிள் லேக் வந்து சேர்ந்தபோது சாலை கனரக லொறிகளுக்கு மூடி மூன்று நாள் ஆகியிருந்தது. ஜன்னல்களைச் சிறு விமானத்தில் கொண்டுவந்தோம். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்ததில், ஜன்னலின் விலையைவிட அது வந்த செலவு கூடிப்போனது. ட்ரைவோலை அப்படிக் கொண்டுவர முடியாது. தார்ப்பாய் போட்டு மூடி ஒரு வளவுக்குள் விட்டுவிட்டு வந்தோம். ஆகஸ்டில் அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். தார்ப்பாயின் ஒரு பக்கம் காற்றில் கிழிந்திருந்தது. அடுக்கின் ஓரங்கள் ஊறிப் பருத்து, மேல்தாள் உரிந்து தொங்கியது. கட்டைவிரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போனது.

பற்றுச்சீட்டு மார்ச் 31-க்கு முந்திய தேதியில் இருந்தது. பணம் செலவாகிவிட்டது. எங்கள் அறிக்கையில் கொள்முதல் முடிந்தது என்று எழுதி அனுப்பினோம், அதை ஏற்றுக்கொண்டார்கள். காகிதத்தில் அந்தத் திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. பதினான்கு குடும்பங்கள் அடுத்த குளிர்காலத்தையும் அதே சுவர்களுக்குள் கழித்தன. அவற்றில் இரண்டு வீடுகளில் மூச்சிழுப்புள்ள குழந்தைகள் இருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் திருடவில்லை. இரண்டு நாட்காட்டிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான். அந்த ஆண்டிலிருந்துதான் வேறு வழியைத் தேடத் தொடங்கினோம்.

பங்களிப்பு ஒப்பந்தத்துக்கு அநியாயம் செய்யக்கூடாது என்பதால் இதையும் சொல்ல வேண்டும். அதிலும் வகைகள் உண்டு. செட் என்ற வகையில்தான் மிச்சம் திரும்பிப் போகும். ஃபிக்ஸ்ட், ஃப்ளெக்ஸிபிள் என்ற வகைகளில், மிச்சத்தை இன்ன வேலைக்குச் செலவழிப்போம் என்று திட்டம் கொடுத்து அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். பிளாக் என்ற வகையில் இன்னும் கொஞ்சம் தாராளம். ஆகவே பங்களிப்பில் மிச்சமெல்லாம் பறிபோகும் என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. எங்களுக்குக் கையைக் கடித்தது, பிந்தி வந்த தனிப்பணங்கள் பெரும்பாலும் செட் வகையில் வந்ததுதான். உங்கள் ஊரின் ஒப்பந்தத்தில் எந்தப் பணம் எந்த வகை என்று முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். பெரும்பகுதி பிளாக்கில் இருந்தால், மாறுவதால் கிடைக்கும் லாபம் நான் சொல்வதைவிடக் குறைவாகவே இருக்கும்.

சரி, மாறிய பிறகு என்ன நடந்தது? முதல் ஆண்டில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, மிச்சம் பிடித்தோம். அந்த மிச்சத்தை வைத்து 2022 செப்டெம்பரில், யாருடைய கடிதத்துக்கும் காத்திராமல், ட்ரைவோல், இன்சுலேஷன், குழாய் எல்லாவற்றுக்கும் ஓர்டர் கொடுத்தோம். கிறிஸ்மஸுக்கு முன்பே பிக்கிள் லேக்கில் கூரை உள்ள கொட்டகைக்குள் எல்லாம் வந்துவிட்டது. சாலை திறந்ததும் முதல் லொறிகளில் எங்கள் சாமான் இருந்தது. மார்ச் 31 அன்று அலுவலகத்தில் வழக்கம்போல வேலை செய்துவிட்டு மாலையில் வீட்டுக்குப் போனோம். அந்தத் தேதியில் அவசரமாக எதையும் வாங்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

இந்த வசதி சும்மா கிடைப்பதில்லை. மானியத்துக்குள் நுழைய, கிராமம் தனக்கென்று ஒரு நிதி நிர்வாகச் சட்டம் இயற்றியிருக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான பூர்வகுடி நிதி மேலாண்மை வாரியம் பல ஆண்டுக் கணக்காய்வு அறிக்கைகளை எடுத்துப் பார்க்கும். கடன், பற்றாக்குறை, கையிருப்பு எல்லாவற்றையும் விகிதம் போட்டுப் பார்க்கும். எங்களுக்கு இதற்கே ஒன்றரை ஆண்டு பிடித்தது. பழைய கணக்காய்வு ஒன்று பிந்தியிருந்தது, அதை முடிக்காமல் ஒன்றும் நகரவில்லை. கணக்கு எழுத ஒருவர் மட்டுமே இருக்கும் ஊருக்கு இது பெரிய மலை. அந்த ஊருக்கு இப்போதைக்குப் பங்களிப்பு ஒப்பந்தமே பொருந்தும் என்று நானே சொல்வேன். தேவைக்கு மீறிய வேகத்தில் மாறி, நடுவில் பற்றாக்குறையில் விழுந்தால் அதைச் சுமக்கப்போவது கிராமம்தான்.

பங்களிப்பு முறையின் அடிமட்டம் எப்படி இருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. கணக்கு சிக்கலானால் வெளியாள் ஒருவரை நிதி மேலாளராக அரசு நியமிக்க முடியும். 2011-இல் வட ஒன்ராறியோவின் இன்னொரு பூர்வகுடி ஊரான அட்டவாபிஸ்கட்டில் வீட்டு நெருக்கடி வெடித்தபோது அதைத்தான் செய்தார்கள். அது நியாயமான முடிவல்ல என்று 2012-இல் ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த ஊருக்குத் தேவைப்பட்டது வீடு.

மானியத்தின் மீது எனக்கிருக்கும் பெரிய மனக்குறை அதன் தொடக்கத் தொகை. 1996-97 முதல் 2016 வரை, அடிப்படைச் சேவைகளுக்கான நிதி ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பிறப்பு அதிகம், விலைவாசி அதைவிட அதிகம். இருபது ஆண்டுகளாகச் சுருங்கிய தொகையை அடித்தளமாக வைத்து அதன்மேல் வளர்ச்சியைக் கணக்கிட்டால், சுருங்கியது நிரம்பாது. பத்தாண்டுக்குக் கையெழுத்திடும்போது இந்த அடித்தளத் தொகையைத்தான் வரிவரியாகப் பார்க்க வேண்டும். பேச இடமிருப்பது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம், பெரிய கட்டுமானம் மானியத்துக்குள் வராது. பள்ளிக் கட்டடம், தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் போன்றவற்றுக்கு இன்னமும் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். வட ஒன்ராறியோவின் நெஸ்கன்டாகா என்ற பூர்வகுடி ஊரில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லும் அறிவிப்பு 1995-இல் வந்தது. இந்த இரண்டு முறைகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அப்படிப்பட்ட ஊரின் தண்ணீர்ப் பிரச்சினை தீரப்போவதில்லை.

என் அனுபவம் ஒரு ஊர், சில ஆண்டுகள், அவ்வளவுதான். பத்தாவது ஆண்டில் புதுப்பிக்கும் பேச்சுவார்த்தை எப்படியிருக்கும் என்பதை நான் பார்த்ததில்லை. ஆண்டு முழுவதும் நெடுஞ்சாலை உள்ள ஊர்களில் வேலை செய்ததும் இல்லை. அங்கே மார்ச் 31 இவ்வளவு வலிக்காது என்று நினைக்கிறேன், ஆகவே அவர்களின் கணக்கு வேறாக வரலாம்.

முடிவெடுத்த கூட்டத்தில் நான் முப்பது பக்கம் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். மேசையின் மூலையில் ஒரு முதிய கவுன்சிலர், ஓஜி-க்ரீ என்ற பூர்வகுடி மொழி மட்டுமே பேசுவார், கடைசிவரை பேசாமல் இருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். பக்கத்திலிருந்த இளம்பெண் மொழிபெயர்த்தாள்: மார்ச் 31-க்குப் பிறகு இந்தப் பணம் யாருடையது? இந்த முறையில் உங்களுடையது என்றேன். தலையசைத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். தன் தாத்தா, அரசோடு பூர்வகுடிகள் செய்த 9-ஆம் உடன்படிக்கையின் கீழ் ஆண்டுக்கு 4 டொலர் வாங்கியவர், நிலத்தைப் பகிர்ந்துகொண்டதற்கு வரவேண்டியதுதான் வருகிறது, இதை யாரோ இரங்கிக் கொடுப்பது போல மானியம் என்று அழைக்காதே என்றார். சட்டத்தில் இருக்கும் சொல் அதுதான் என்பதால் இங்கே எழுதியிருக்கிறேன். அவர் முன்னால் அந்தச் சொல்லை நான் பிறகு சொன்னதில்லை.

இப்போது ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி ஜிம்மில் ஊர்க் கூட்டம் வைத்துக் கணக்குச் சொல்கிறோம். ஒட்டாவாவிலிருந்து வந்த கேள்விகளைவிட இங்கே வரும் கேள்விகள் கடினம். 2023 கூட்டத்தில், 2018-இன் பதினான்கு வீடுகளில் ஒன்றில் வசிக்கும் ஒரு தாய் எழுந்தார். பணம் ஊரிடமே இருக்கிறது என்கிறீர்கள், சாமானும் வந்துவிட்டது என்கிறீர்கள், என் வீட்டுக்கு எப்போது என்று கேட்டார். பட்டியலை விரித்துப் பார்த்தேன், அவர் வீடு ஏழாவது. ஜூலையில் என்றேன். அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டார். தச்சர்கள் ஒரு வாரம் பிந்தினார்கள், ஓகஸ்ட் முதல் வாரத்தில் சுவர் முடிந்தது.