ரேடியேட்டர் ஃபேன் ஓடலையா? பல்லாவரத்தில் ஒரு எலக்ட்ரீஷியன் கடை

சிக்னலில் நின்றால் ஹீட் முள் ஏறும், ஏசியில் வெறும் காற்று வரும். வண்டி நகர்ந்து வேகம் 40-ஐத் தாண்டினால் இரண்டும் தானாகச் சரியாகிவிடும். இப்படி இருந்தால் பெரும்பாலும் ரேடியேட்டர் ஃபேன்தான், ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடுவதால் கோளாறு வெளியே தெரியாது. என் வண்டியை முதலில் பார்த்த சர்வீஸ் சென்டரில் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்ததோடு சரி, ஃபேன் அசெம்பிளியையே மாற்றணும், 9,000 ரூபாய் என்று எஸ்டிமேட்டை நீட்டிவிட்டார்கள். அப்புறம்தான் பல்லாவரத்தில் சந்துக்குள் இருக்கும் இந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்கார அண்ணன் வேலை பார்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போடச் சொன்னார். ஏசி போட்டால் இன்ஜின் சூடாகாவிட்டாலும் ஃபேன் சுற்றணும், சுற்றவில்லை. ஆஃப் பண்ணிவிட்டு ஃபேன் கப்ளரை, அதாவது ஒயரை மோட்டாரோடு இணைக்கும் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை நேராக மோட்டாருக்குக் கொடுத்தார். விர்ரென்று சுற்றியது. "மோட்டார் நல்லா இருக்கு சார், இதை எதுக்கு மாத்தணும்?" என்றவர் ஃபியூஸை டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தார், ஃபேனுக்குக் கரண்டை விடும் சுவிட்சான ரிலேயைக் கழற்றி, அதே மாதிரி இருந்த இன்னொன்றை மாற்றிப் போட்டும் பார்த்தார், அங்கேயும் ஒன்றும் இல்லை. கடைசியில் கப்ளரைத் திருப்பிக் காட்டினார்: ஒரு பின் லூசாகி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. ஃபேன் மோட்டார் நிறைய கரண்ட் இழுக்கும், பின் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் அந்த இடம் சூடாகிக் கருகிவிடும். புது கப்ளர், கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய். ஏசியை அணைத்துவிட்டு, இன்ஜின் சூடேறி ஃபேன் தானாக ஓடி நிற்கும் வரை காத்திருந்து பார்த்த பிறகே சாவியைக் கொடுத்தார். சூட்டை அளக்கும் சென்சர் ஒழுங்காக இருக்கிறதா என்பது இதில்தான் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. ஒயர் இணைப்பில் வெறும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார், இன்ஜின் சூட்டில் அதன் பசை இளகிவிடும், கேட்ட பிறகுதான், சூடு காட்டினால் சுருங்கி ஒயரை இறுகப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் வந்தது. கூலன்ட் குறைந்திருக்கிறது என்று கடைப் பையன் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான், வேண்டாம் என்று தடுத்தேன். நம் ஊர் போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும், அந்தச் செலவு வேறு.

பில் கிடையாது, ஜிபே உண்டு. கடை திறக்கும்போதே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் லோடு ஆட்டோக்கள் வரிசை கட்டிவிடும். வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் மட்டும் இங்கே ஒயரில் கை வைக்க விடாதீர்கள்.