டெபாசிட் யார் பெயரில்: கணவரா, மனைவியா?

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தை விற்ற கையோடு பலரும் கேட்பது இதுதான். அமெரிக்காவில் தம்பதி ஒரே கணக்காக வரி கட்டலாம். இங்கே திருமணம் ஆனாலும் இருவருக்கும் தனித்தனிக் கணக்குதான். அதனால்தான் மனைவி பெயரில் போட்டால் வரி தப்பும் என்று ஒரு நப்பாசை.

கணவர் பணம் 10 லட்சம், வட்டி 7 சதவீதம், அவருக்கு 30 சதவீத வரி என்று வைத்துக்கொள்வோம்.

வரி
கணவர் பெயரில்: 70,000 வட்டிக்கு 21,000 ரூபாய், செஸ் என்னும் கூடுதல் வரி தனி.
மனைவி பெயரில்: அதே 21,000. அன்பளிப்புக்கு வரி இல்லை. ஆனால் அதில் விளையும் வட்டி கணவர் வருமானத்தோடு சேர்க்கப்படும். மாமனார் மருமகளுக்குக் கொடுத்தாலும் கதை இதேதான், வட்டி மாமனார் தலையில்.

வட்டிக்கு வட்டி
கணவர் பெயரில்: அவருக்கே வரி.
மனைவி பெயரில்: மனைவியின் சொந்த வருமானம். சேமிப்பு என்றால் இது ஒன்றுதான்.

டி.டி.எஸ். (வட்டி தரும்போதே வங்கி பிடிக்கும் வரி)
கணவர் பெயரில்: அவர் பான் எண்ணில் பிடிப்பார்கள், சிக்கல் இல்லை.
மனைவி பெயரில்: வரி ஒருவருக்கு, பிடித்தம் இன்னொருவர் பான் எண்ணில். நாகர்கோவில் ஆடிட்டருக்கு வேலை.

பெண்ணின் பெற்றோர் கொடுத்த பணம், அவர்கள் போட்ட நகையை விற்ற பணம், அவருடைய சம்பளம் என்றால் யோசிக்காமல் மனைவி பெயரில் போடுங்கள். வட்டி முழுக்க அவர் கணக்கு. கணவர் பணத்தை வரிக்காக மட்டும் மாற்றுவது வீண் அலைச்சல். மனைவிக்கென ஒரு கையிருப்பு வேண்டும் என்றால் மாற்றலாம், வரியைக் கணவர் கட்டட்டும்.