நீலம் பாய்ந்த பழைய டிவிக்கு மாற்று பேக்லைட் பட்டை: எட்டு மாதம் ஓடிய பிறகு எழுதுகிறேன்

செய்தி வாசிப்பவரின் நரைமுடி ஊதாவாகத் தெரிகிறது என்று முதலில் சொன்னது அப்பாதான். "என் கண்ணுலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். உனக்கும் அப்படித்தான் தெரியுதா?" என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. 2014இல் வாங்கிய 40 இன்ச் எல்இடி டிவி. வெள்ளைச் சட்டையெல்லாம் நீலம் பூத்திருந்தது, முகங்களில் ரத்தமே இல்லை. பார்க்க வந்த மெக்கானிக் பின்மூடியைக்கூடக் கழற்றாமல், "பேனல் போயிடுச்சு சார், இனி இதுக்குச் செலவு பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேனல் போகவில்லை. படம் காட்டும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் எரியும் விளக்குதான் (பேக்லைட்) கெட்டிருந்தது. அதற்கு மாற்றாக நான் வாங்கிப் போட்ட எல்இடி பட்டைகளைப் பற்றித்தான் இந்த விமர்சனம். ஆனால் கோளாறு அங்கேதான் என்று தெரியாமல் பட்டை வாங்குவது வீண் என்பதால், அதைக் கண்டுபிடித்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டிவியின் சொந்த மெனுவைத் திறந்தேன். மெனு எழுத்துகளை டிவியே வரைகிறது, எச்டிஎம்ஐ வயருக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் அதில் வேலையில்லை. படம் மட்டும் பச்சையாகவோ ரோஸாகவோ இருந்து மெனு ஒழுங்காக இருந்தால் வயரையும் பாக்ஸையும் பார்த்தால் போதும். எனக்கு மெனுவின் வெள்ளையும் நீலம். நிற அமைப்பை 'கூல்' என்பதிலிருந்து 'வார்ம்' என்பதற்கு மாற்றினேன். கொஞ்சம் அடங்கியது, போகவில்லை. பிறகு முழுத்திரைக்குச் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று நான்கு படங்களைப் பென் டிரைவில் ஏற்றி, அறையை இருட்டாக்கிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். நீலம் பளிச்சென்று இருந்தது, சிவப்பு சோர்ந்து கிடந்தது. வெள்ளைத் திரையில்தான் விஷயம் புரிந்தது: நீலம் சீராகப் பரவவில்லை, வட்ட வட்டமாகத் திட்டு விழுந்திருந்தது. டீ-கான் போர்டோ (படத்தைப் பேனலுக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் சர்க்யூட்) அதற்குப் போகும் ரிப்பன் வயரோ கெட்டால் படம் நெகட்டிவ் மாதிரி மாறும், இல்லையென்றால் ஒரு நிறமே காணாமல் போகும். வட்டத் திட்டு வந்தால் பின்விளக்கைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வெள்ளை எல்இடி என்று நாம் சொல்வது உள்ளுக்குள் நீல எல்இடிதான். அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர், நீல ஒளியில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்ததைக் கண் வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது. வருஷக்கணக்கான சூட்டில் அந்தப் பூச்சு நைந்துபோனால் நீலம் அப்படியே வெளியே வரும். எங்கள் டிவியில் பேக்லைட் அளவு பத்து வருஷமாக 100இல் நின்றிருக்கிறது. யாரும் அதைத் தொட்டதே இல்லை.

இனி பட்டைகள். மூன்று பட்டை, பட்டைக்கு எட்டு எல்இடி, ஒவ்வொன்றும் 3 வோல்ட். டிவியின் மாடல் எண்ணைக் கொடுத்து ஆர்டர் செய்யாதீர்கள். ஒரே மாடலுக்குள் வெவ்வேறு பேனலும் வெவ்வேறு பட்டையும் போட்டிருப்பார்கள். நான் முதலில் டிவியைத் திறந்து, பழைய பட்டையில் அச்சிட்டிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அதை வைத்து வாங்கினேன். அதனால் நீளம், திருகுத் துளை, கனெக்டர் எல்லாமே கச்சிதமாகப் பொருந்தின. இதற்கு முழு மதிப்பெண்.

மாட்டுவதற்கு முன் எல்இடி டெஸ்டரில் பழையதையும் புதியதையும் அடுத்தடுத்து எரியவிட்டேன். (அந்த டெஸ்டரின் முனையில் நூறு வோல்ட்டுக்கு மேல் வரும், வெறும் கையால் தொடவே கூடாது.) பழைய பட்டையில் ஐந்து எல்இடி சுத்த நீலம், மற்றவை வெளிர்நீலம். புதியதில் இருபத்து நான்கும் ஒரே வெள்ளை. அந்த ஐந்தை மட்டும் மாற்றலாமே என்று தம்பி கேட்டான். மாற்றினால் புதியது பளிச்சென்றும் பழையது மங்கலாகவும் தெரிந்து மறுபடி திட்டுதான் விழும். மொத்தமாக மாற்றுவதே சரி.

குறைகளும் உண்டு. ஒரு எல்இடியின் மேலிருந்த லென்ஸ் பெட்டிக்குள் கழன்று கிடந்தது. லென்ஸ் இல்லாவிட்டால் அந்த இடத்தில் திரையில் வெள்ளைப் புள்ளி குத்திட்டு நிற்கும். சூப்பர் க்ளூவின் ஆவி பட்டால் லென்ஸ் வெளுத்துவிடும் என்பதால் எபாக்ஸியில் ஒட்டினேன். பட்டையின் பின்புறப் பசை நாடாவும் மட்டம். ஒரு முனை எழும்பி நின்றது. பட்டை தகட்டோடு ஒட்டி இருந்தால்தான் சூடு இறங்கும், சூடு இறங்காவிட்டால் இந்தப் பட்டைகளும் சீக்கிரமே நீலம் பாயும். சூடு கடத்தும் நாடாவைத் தனியாக வாங்கி மூன்றையும் மறுபடி ஒட்டினேன். குறிப்புத்தாள் என்று ஒன்றுமே வைக்கவில்லை.

மாட்டும் வேலையில் உண்மையான பயம் பேனலைத் தூக்குவதுதான். கண்ணாடி மெல்லியது. அதன் விளிம்பில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன ரிப்பன்களில் ஒன்று கிழிந்தாலும் திரையில் நிரந்தரமாகக் கோடு விழும். பிளக்கைப் பிடுங்கி, பவர் போர்டின் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் வடிந்துவிட்டதா என்று மீட்டரில் பார்த்த பிறகே கை வைத்தேன். ஆளுக்கொரு பக்கமாக நானும் தம்பியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைத் தூக்கி மெத்தைமேல் வைத்தோம். உள்ளே இருக்கும் வெள்ளைத் தாள்கள் எந்த வரிசையில், எந்தப் பக்கம் மேலாக இருந்தன என்று ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்தோம். துணையாள் கிடைக்காதவர்கள் இதில் இறங்க வேண்டாம். அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் பட்டையைக் கொடுத்து மாட்டச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் மூடிவிட்டு டிவியைப் போட்டதும் வெள்ளை வெள்ளையாகவே வந்தது. கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியான வெள்ளை, அதை 'வார்ம்' சரிக்கட்டிவிட்டது. பேக்லைட்டை 45இல் வைத்திருக்கிறேன். எங்கள் டிவியில் 'பிரைட்னஸ்' என்பது வேறு. அதைக் குறைத்தால் படத்தின் கறுப்புதான் மாறும், விளக்குக்கு ஓய்வு கிடைக்காது.

எட்டு மாதமாகத் தினம் ஐந்தாறு மணி நேரம் ஓடுகிறது. மாதம் ஒருமுறை அந்த வெள்ளைப் படத்தைப் போட்டுப் பார்க்கிறேன், இதுவரை எங்கும் திட்டு இல்லை. லென்ஸுக்கும் பசைக்கும் ஒன்று கழித்து, ஐந்துக்கு நான்கு. உங்கள் திரையில் செங்குத்துக் கோடு இருந்தால் இதை வாங்காதீர்கள், அது பேனல் பக்கத்துக் கோளாறு. வெள்ளை நீலமாகி, இருட்டில் வட்டத் திட்டும் தெரிந்தால் தயங்காமல் வாங்கலாம். அப்பா அன்று இரவே செய்திக்காகக் காத்திருந்து, அந்த நரைமுடியைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போனார்.