மோட்டார்ஹோமின் தண்ணீர் அறைக்கு எந்தச் சூடு: ஃபர்னஸ் குழாயா, 12 வோல்ட் பட்டையா, தனி ஹீட்டரா?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து அல்கோன்குவின் பூங்காவில் உள்ள மியூ லேக் முகாம் குளிர்காலத்திலும் திறந்திருக்கிறது. மின் இணைப்புள்ள இடங்களும் அங்கே கிடைக்கின்றன. மோட்டார்ஹோம் என்னும் வீட்டு வண்டி நிற்கும் இடத்தில் தண்ணீர்க் குழாய் இல்லாததால், வீட்டிலிருந்து தொட்டியில் நிரப்பிச் செல்லும் நீரைத்தான் நம்பியிருக்க வேண்டும். தொட்டி, பம்ப், வடிகால் வால்வுகள், வெளி இணைப்புகள் எல்லாம் வண்டியின் வயிற்றுப் பக்கத்தில் ஒரு சிறிய அறையில் அடங்கியிருக்கின்றன. சனவரி மாதத்தில் வெளியே மைனஸ் 20 டிகிரி இருக்கும் இரவில், அந்த அறையை உறைநிலைக்கு மேலே வைத்திருப்பதற்கு மூன்று வழிகளையும் நான் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டும் வண்டியோடு வந்தவை. மூன்றாவதை நானே சேர்த்தேன். என் சாய்வு மூன்றாவதன் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றும் வேலை செய்யும்போது மூன்றுமே போதுமானவை. விலை வேறுபாடும் பெரிதாகப் பேச வேண்டிய விஷயம் அன்று. அறையின் அடியில் குழாய் நுழையும் ஓட்டையைப் பஞ்சு வைத்து அடைப்பது போன்ற வேலைகள் எந்த வழிக்கும் பொதுவானவை. என் முடிவைத் தீர்மானித்தது வேறொரு கேள்வி: சூடு நின்றுபோனால் அது நின்றுபோனது எனக்கு எப்போது தெரியும், தெரிந்த பிறகு கையுறையோடு டார்ச் வெளிச்சத்தில் எத்தனை நிமிடத்தில் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியும்?

ஃபர்னஸ் வழியில், வண்டிக்குள்ளே ஓடும் புரொப்பேன் அடுப்பின் வெப்பக்காற்றில் ஒரு பகுதி சிறு குழாய் மூலம் தண்ணீர் அறைக்குத் திருப்பப்படுகிறது. வெப்பத்தின் அளவில் இதற்கு நிகர் இல்லை. எனினும் இந்த ஏற்பாட்டில் ஒரு மறைமுகமான கண்ணி இருக்கிறது. முதல் குளிர்காலத்தில் நான் அதில்தான் விழுந்தேன். மணிக்கு 30,000 பி.டி.யூ. (வெப்ப அலகு) தரும் ஃபர்னஸ் இடைவிடாமல் ஓடினால் 9 கிலோ புரொப்பேன் உருளை ஏறத்தாழ 14 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மின்சாரம்தான் வாடகையிலேயே அடங்கியிருக்கிறதே என்று எண்ணி, வண்டிக்குள் ஒரு மின் ஹீட்டரை வைத்துவிட்டுத் தூங்கினோம். உள்ளே இதமாக இருந்ததால் சுவரிலிருந்த தெர்மோஸ்டாட் ஃபர்னஸை அழைக்கவே இல்லை. ஃபர்னஸ் ஓடவில்லை என்றால் தண்ணீர் அறைக்கும் சூடு இல்லை. காலையில் குழாயைத் திறந்தபோது பம்ப் உறுமியது, நீர் வரவில்லை. பம்பின் முன்னால் இருந்த கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் வடிகட்டிக் கிண்ணம் நெடுக்கே விரிசல் விட்டிருந்தது. நீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் விரிகிறது. அந்தக் கிண்ணத்தில் அதற்கு இடம் இல்லை. எந்தக் கருவியும் பழுதாகவில்லை என்பதுதான் இதில் வேதனையான பகுதி.

ஃபர்னஸே பழுதானாலும் தேடல் நீளமானது. பாட்டரியின் வோல்ட் தாழ்ந்தால் விசிறி மெதுவாகச் சுழலும். காற்றோட்டத்தை உணரும் செயில் சுவிட்ச் என்ற மெல்லிய தகடு மூடாது. அது மூடாமல் எரிவாயு திறக்காது. ஆகவே விசிறி ஓடுவது கேட்கும், வெப்பம் மட்டும் வராது. குழாய் கழன்றிருந்தாலும் இதே அறிகுறிதான், ஆனால் தண்ணீர் அறைக்கு மட்டும். இவற்றைப் பிரித்தறியச் சில பலகைகளைக் கழற்ற வேண்டியிருக்கும்.

12 வோல்ட் பட்டைகள் பாட்டரி மின்சாரத்தில் சூடாகும், தொட்டியின் அடியில் ஒட்டப்பட்டிருப்பவை. என் வண்டியில் இருப்பவை சுமார் 7 டிகிரியில் தாமாக இயங்கத் தொடங்கி 18 டிகிரியில் நிற்கும்படி உள்ளே தெர்மோஸ்டாட் பதிக்கப்பட்டவை. தொட்டி முழுவதும் உறைவதிலிருந்து இவை காக்கின்றன. பம்பையும் வால்வையும் இவை தொடுவதே இல்லை. உறைவது முதலில் மெல்லிய குழாய்களும் வால்வுகளும்தான். பல நூறு லிட்டர் கொண்ட தொட்டி கடைசியில்தான் உறையும் என்பதால், பட்டைகள் தவறான உறுப்பைக் காக்கின்றன என்றுகூடச் சொல்லலாம். 100 வாட் பட்டை 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரவில் 6 மணி நேரம் ஓடினாலே 50 ஆம்பியர் மணி போய்விடும். 100 ஆம்பியர் மணி ஈய பாட்டரியில் நலத்தோடு எடுக்கக்கூடியது அவ்வளவுதான், அதுவும் குளிரில் இன்னும் குறையும். சோதனை செய்வதற்கும் இவை ஒத்துழைப்பதில்லை. பட்டையின் மின்தடை சுமார் 1.4 ஓம் இருக்க வேண்டும். ஆனால் பதிக்கப்பட்ட தெர்மோஸ்டாட் திறந்திருக்கும்போது மல்டிமீட்டர் முடிவிலி காட்டும், அதைப் பட்டை அறுந்ததாகவே நினைக்கத் தோன்றும். இலையுதிர்காலத்தில் 12 டிகிரியில் சோதித்து, நல்ல பட்டையைக் கழிப்பதற்குச் சமமான முடிவுக்கு நான் வந்திருந்தேன். ஒரு பை நிறைய ஐஸை அழுத்தி வைத்து 20 நிமிடம் காத்த பிறகுதான் ஓம் அளவு தெரிந்தது.

இப்போது நான் நம்பியிருக்கும் ஏற்பாடு இது: உலோக உறைக்குள் சுருள் அடங்கிய, விசிறி இல்லாத 200 வாட் ஹீட்டர், அதற்கும் சுவரிலுள்ள மின் இணைப்புக்கும் இடையில் 2 டிகிரியில் இயக்கி 7 டிகிரியில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் பிளக், பம்பின் அருகே வைத்த கம்பியில்லா வெப்பமானி, அதன் காட்சித்திரை என் படுக்கையின் தலைமாட்டில். 120 வோல்ட்டில் 2 ஆம்பியர்கூட ஆகாது. மூன்று துண்டுகளும் தனித்தனியாக இருப்பதால் பழுது தேடுவதற்கும் மூன்று படிகள் போதும். தெர்மோஸ்டாட் பிளக்கைக் கழற்றி ஐஸ் பையில் வைத்து ஒரு மேசை விளக்கைச் செருகிப் பார்க்கலாம். ஹீட்டரின் இரு முனைகளுக்கிடையே 72 ஓம் காட்டினால் சுருள் நலமாக இருக்கிறது. மீதி இருப்பது சுவரின் மின் இணைப்பு மட்டும்.

அந்த மீதிதான் என்னைக் கடந்த பிப்ரவரியில் எழுப்பியது. அதிகாலை 3 மணிக்கு வெப்பமானியின் எச்சரிக்கை ஒலித்தது. பம்பின் அருகே 1 டிகிரி. பிளக்கும் ஹீட்டரும் நலமாக இருந்தன, இணைப்பில் மின்சாரம் இல்லை, பிரேக்கரும் விழவில்லை. தண்ணீர் அறையின் இணைப்பு குளியலறையில் இருக்கும் ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவு நேர்ந்தால் தானே துண்டிக்கும்) பாதுகாப்பு இணைப்போடு தொடராகக் கோர்க்கப்பட்டிருந்தது என்பது அப்போதுதான் தெரியவந்தது. வண்டியின் வெளிப்புறச் சுவரில் இருந்த மற்றோர் இணைப்பில் ஈரம் புகுந்து, குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த அந்தச் சிறிய பொத்தான் வெளியே தள்ளியிருந்தது. ஈரமான இணைப்பைத் துடைத்து மூடியபின் பொத்தானை அழுத்தினேன். கைக்கு எட்டும் தூரத்தில், பத்து நிமிடத்தில் முடிந்தது. குளிர்காலப் பயணத்திற்கு முன் உங்கள் வண்டியில் எந்த இணைப்பு எதனோடு கோர்க்கப்பட்டிருக்கிறது என்பதை ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதித்துக் கொள்வது நல்லது.

இந்த வழியிலும் ஒரு தவறு எனக்கு நேர்ந்தது. தெர்மோஸ்டாட் பிளக்கை ஹீட்டருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வைத்திருந்தேன். அது முதலில் சூடாகி ஹீட்டரை அணைத்துவிட, அறையின் கீழ்மூலையில் இருந்த வால்வு 0 டிகிரியைத் தொட்டது. பிளக்கை ஒரு சிறிய நீட்சிக் கம்பியோடு மறுபக்கக் கீழ்மூலைக்கு மாற்றியதும் மூலைகளுக்கிடையிலான வேறுபாடு 2 டிகிரிக்குள் வந்தது. வெப்பமானி இல்லாதிருந்தால் இதை எப்படியும் கண்டிருக்க மாட்டேன். விசிறி இல்லாததன் விலை இது. விசிறி உள்ளவற்றில் காற்று கலங்கும், ஆனால் பழுதாவதற்கு ஓர் உறுப்பு கூடும்.

என் சாய்வுக்கு எல்லையும் உண்டு. மைனஸ் 25 டிகிரிக்குக் கீழே நான் இரண்டு இரவுகள்தான் தங்கியிருக்கிறேன். அந்த இரவுகளில் 200 வாட் தாக்குப்பிடித்தது என்றாலும், காப்புறை மெலிந்த வண்டிக்கு அது போதும் என்று இதிலிருந்து சொல்வதற்கில்லை. மின் இணைப்பே இல்லாத இடத்தில் இன்வெர்ட்டர் வழியாக இதே ஹீட்டரை ஓட்டினால் பாட்டரியிலிருந்து 18, 19 ஆம்பியர் போகும் என்பதால், அங்கே ஃபர்னஸ்தான் நியாயமான வழி. வண்டிக்குள் தனி மின் ஹீட்டர் எதையும் வைக்காமல் இருந்தால் போதும்.

பட்டைகளை நான் பிடுங்கி எறிந்துவிடவும் இல்லை. டொரன்டோவிலிருந்து மியூ லேக் வரை மூன்று மணி நேரத்துக்கு மேலாகும் ஓட்டத்தில், வண்டியின் அடியில் குளிர்காற்று தொட்டியைத் தடவிக்கொண்டே வருகிறது. அப்போது 120 வோல்ட் கிடையாது, ஆனால் இஞ்சினின் ஆல்டர்னேட்டர் 12 வோல்ட்டை வாரி வழங்குகிறது. புறப்படும்போது பட்டைகளை இயக்குவேன், முகாமில் மின்கம்பியைச் செருகியதும் அணைத்துவிடுவேன்.