வேயா, ஐசோலேட்டா, மீல் மேக்கரா, நாமக்கல் முட்டையா?

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஜிம்மில் சேர்கிற பையன்கள் முதல் மாதமே "அண்ணா, எந்தப் புரதப் பொடி டப்பா வாங்கட்டும்?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். டப்பாவுக்கு முன்னால் கணக்கு. வெயிட் தூக்குகிறவருக்குத் தசை ஏற ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 1.6 கிராம் புரதம் போதும், அதாவது 65 கிலோ ஆளுக்கு 104 கிராம். காலையில் இட்லி, மதியம் சாம்பார் சோறு, ராத்திரி தோசை என்று ஓடுகிற வீட்டில் 50 கிராம் தாண்டினாலே பெரிய விஷயம். மிச்சத்துக்கு என்ன வழி என்பதை, 25 கிராம் புரதம் கிடைக்க எவ்வளவு காசு ஆகிறது, கூடவே எத்தனை கலோரி ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முட்டை ஊரான நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முட்டையை விட்டுவிட்டுப் பேச முடியாது. 4 முட்டையில் 24 கிராம். ஒன்று 7 ரூபாய் என்றாலும் 28 ரூபாய்தான். ஆனால் கூடவே 20 கிராம் கொழுப்பு, 300 கலோரிக்குப் பக்கம். தொப்பை போடாமல் தசை வேண்டும் என்றால் 2 முழு முட்டை, 4 வெள்ளைக்கரு என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பால் திரியும்போது பிரிகிற தண்ணீரில் இருக்கும் புரதம்தான் வே. அதைப் பொடியாக்கிய வே கான்சன்ட்ரேட் 30 கிராம் ஸ்கூப்பில் 22 முதல் 24 கிராம் புரதம், 120 கலோரி. விலை முட்டையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அவசரத்துக்குக் கலக்கிக் குடிக்கலாம், தசை வளரத் தூண்டுகிற லியூசின் என்ற அமினோ அமிலமும் அதிகம். இதையே இன்னும் வடிகட்டி 90 சதவீதப் புரதமாக்கினால் ஐசோலேட். பால் குடித்தால் வயிறு உப்பிக் கடமுடா என்கிறவர்கள் மட்டும் அந்தக் கூடுதல் காசைக் கொடுக்கலாம், ஏனென்றால் அதில் பாலின் சர்க்கரையான லாக்டோஸ் மிகக் குறைவு; மற்றபடி புரத அளவு சமமாக இருந்தால் தசைக்கு இரண்டும் ஒன்றுதான். பாலில் இருக்கும் இன்னொரு புரதமான கேசீன் மெதுவாகச் செரிக்கும், ராத்திரிக்கு நல்லது என்பார்கள். ஒரு கப் கெட்டித் தயிரிலும் பெரும்பாலும் அதே கேசீன்தான், விடுங்கள்.

சைவக்காரர்களுக்கு சோயாவில் செய்த மீல் மேக்கரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. காய்ந்தது 50 கிராம் எடுத்தால் 26 கிராம் புரதம், கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை, விலையிலும் இதுதான் மலிவு. சோயா தின்றால் ஆண்மை குறையும் என்று ஜிம்முக்கு ஜிம் ஒரு நிபுணர் இருக்கிறார். ஆண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததாகத் தெரியவில்லை. வாயுத் தொல்லை மட்டும் நிஜம். பொட்டுக்கடலையும் நல்லதுதான், ஆனால் 25 கிராம் புரதத்துக்கு 100 கிராமுக்கு மேல் மெல்ல வேண்டும், 400 கலோரி வந்துவிடும்.

எடை ஏற்ற விற்கிற மாஸ் கெய்னர் பொடி? பெரும்பாலான டப்பாக்களில் பெரும்பங்கு மால்ட்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்தை உடைத்துச் செய்த பொடி. ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த ஊரில் பிறந்துவிட்டு மாவுக்குப் போய் ஆயிரக்கணக்கில் கொடுப்பானேன்! எடை ஏறணும் என்றால் கூட இரண்டு தோசை, வாழைப்பழம், தம்ளர் பால் போதும்.

2024-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் புரதப் பொடியே வேண்டாம் என்கிறது. முட்டை, பயறு, பால் எல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு அது சரியான பேச்சு. மீல் மேக்கரும் ஒத்துக்கொள்ளாத சைவக்காரர் ஒரு ஸ்கூப் கான்சன்ட்ரேட் சேர்த்துக்கொள்வதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. சிறுநீரகக் கோளாறு இருப்பவர் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

வாங்குவதென்றால் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். புரதத்தைப் பெரும்பாலும் நைட்ரஜனை வைத்தே அளக்கிறார்கள். அதனால் கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கலந்து கணக்கை ஏற்றிக்காட்ட முடியும். அந்தப் பெயர்கள் பட்டியலின் மேல்பக்கம் இருந்தாலோ, 25 கிராம் வே புரதத்துக்கு லியூசின் 2.5 கிராம் பக்கம்கூட வராவிட்டாலோ, எவ்வளவு தள்ளுபடி என்றாலும் அதை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.