லினக்ஸுக்குப் பழைய கார்டு: ஜிடிஎக்ஸ் 1050 டிஐயா, ஆர்எக்ஸ் 570ஆ?

மதுரையில் செகண்ட் ஹேண்ட் கிராஃபிக்ஸ் கார்டு தேடி அலைகிறவர்கள் கடைசியில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 570 என்ற இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்கிறார்கள். விண்டோஸ் என்றால் எதையும் வாங்கலாம். லினக்ஸ் என்றால் முதலில் டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, பார்க்க வேண்டும்.

1050 டிஐ 75 வாட்டுக்குள் அடங்கிவிடும். பல மாடல்களுக்குத் தனி பவர் வயரே வேண்டாம். ஆபீஸில் கழித்த கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ்ஸே (பவர் சப்ளை) தாங்கும். சிக்கல் டிரைவரில். என்விடியாவின் டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு வெளியே இருப்பதால், ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் அதை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அது பாதியில் நின்றால் மறுநாள் கறுப்புத் திரைதான். கையெழுத்தில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் ஆனில் இருந்தால், டிரைவர் போட்ட பிறகு ரீஸ்டார்ட்டில் அதற்கு அனுமதி கேட்டு ஒரு நீலத் திரை வரும். 10 விநாடிக்குள் ஏதாவது ஒரு கீயைத் தட்டாவிட்டால் அது பாட்டுக்குப் போய்விடும், டிரைவர் ஏறாது. முதல் தடவை பார்க்கிறவருக்கு அது என்ன திரை என்றே புரியாது.

சரி, திறந்த மூல நூவோ டிரைவர் இருக்கிறதே என்றால், 900, 1000 வரிசைக் கார்டுகளில் என்விடியா கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) இல்லாமல் அதனால் கார்டின் வேகத்தை ஏற்ற முடியாது. 2022இல் என்விடியா கர்னல் மாட்யூல்களைத் திறந்து கொடுத்தது; அதுவும் பிறகு வந்த டியூரிங் தலைமுறைக் கார்டுகள் முதல்தான், 1050 டிஐக்கு இல்லை. இப்போது 580 வரிசை டிரைவரோடு இந்தத் தலைமுறைக்கே கதவை மூடிவிட்டார்கள். நம் ஊரில் ஒரு கார்டு மூன்று கை மாறி ஓடும். நன்றாக ஓடுகிற பொருளைச் செல்லாக்காசு ஆக்குவது எந்த விதத்திலும் நியாயமில்லை.

ஆர்எக்ஸ் 570க்கு டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. சொருகி ஆன் செய்தால் வேலை முடிந்தது. கேமில் வேகமும் கூடுதல். 2012இல் வந்த ரேடியான் எச்டி 7000 கார்டுகளைக்கூட 6.19 கர்னலில் புதிய டிரைவருக்கு மாற்றியிருக்கிறார்கள். டிரைவரின் சோர்ஸ் கோடு எல்லோர் கையிலும் இருப்பதால்தான் இது நடக்கிறது.

ஆனால் 150 வாட் கேட்கும். எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்ற வேண்டிவரலாம். கிரிப்டோ மைனிங்கில் இரவு பகலாக ஓடிய கார்டா என்று ஃபேனைச் சுற்றிப் பாருங்கள். அப்புறம், பிளெண்டர் என்ற 3டி மென்பொருளின் இப்போதைய பதிப்புகளில், அதன் சைக்கிள்ஸ் ரெண்டரை 570இல் ஓட்ட முடியாது. 1050 டிஐயில் முடியும்.

3டி கற்கிற மாணவர் இரண்டையும் விட்டுவிட்டு ஜிடிஎக்ஸ் 1650 தேடுவது நல்லது: டியூரிங், அதே 75 வாட். மற்றவர்களுக்கு 570தான் என் பரிந்துரை. பிரௌசரும் வீடியோவும் போதும் என்றால் பிராசஸரில் இருக்கிற இன்டெல் கிராஃபிக்ஸே தாராளம்.

ஜிடி 710ஐ யாராவது சல்லிசாகத் தந்தாலும் வாங்காதீர்கள். அது 470 வரிசை டிரைவரோடு நின்றுவிட்டது. அந்த வரிசைக்கான ஆதரவும் 2024இல் முடிந்துவிட்டது.